கீழே செட்டில் நான்

12-7-1987, ஞாயிறு
இரும்புலியூர்

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. வழக்கம்போல் பொழிச்சலூரில் யேசுதாசன் வீட்டு மொட்டை மாடி. மூன்று நாற்காலி, அவன் சம்சாரம் ஹில்டா கொடுத்தனுப்பிய டீ, தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள். போரில் ஒரே ஃப்ளைட்டில், அதாவது ஒரே விமானப் பிரிவில், இருந்தவர்களில் தாம்பரத்தைச் சுற்றி மிச்சம் இருப்பது நாங்கள் மூன்று பேர்தான். என்ஜின் ஃபிட்டர் யேசுதாசன், வயர்லெஸ் ஆபரேட்டர் நான், எங்கள் பைலட் வைத்தீஸ்வரன் சார். அவர் லெப்டினன்ட் கர்னலாக ரிட்டயர் ஆனவர். எங்களுக்கு இன்னும் கேப்டன்தான். எழுபத்தொன்றில் ஒட்டிய பெயர், போகாது.

மாடம்பாக்கத்தில் கேப்டன் வீட்டுக்குள் முட்டை நுழைய முடியாது. மாமி அபிதகுஜாம்பாள் அப்படி. அதனால் மாதம் ஒருமுறை ஹில்டா கையால் அவருக்கு ஆம்லெட். அவர் சாப்பிடும்போது யேசுதாசன் தவறாமல் என்னைச் சீண்டுவான். எங்கள் ஃப்ளைட் ஒரு கதம்பம். விமானம் ஓட்டுபவர் பீரங்கிப் படை, நானும் பீரங்கிப் படை, பழுது பார்ப்பவர்கள் ஏர்ஃபோர்ஸ். ஒரே கூடாரத்தில் படுத்திருப்போம். அவன் ரேஷனில் முட்டை, என் ரேஷனில் பருப்பு. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அவனுக்கு அந்தப் பெருமையும் அடங்கவில்லை.

சத்தத்தை வைத்தே என்ன விமானம் என்று சொல்வது எங்கள் விளையாட்டு. இன்றும் கேப்டன் ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை. ஆனால்—

ஒரு போயிங் வந்தது. நானும் யேசுதாசனும் அண்ணாந்து பார்த்தோம். கேப்டனும் பார்த்தார். அவர் பார்த்த இடத்தில் விமானம் இல்லை. ஜெட்டின் சத்தம் எப்போதும் பின்தங்கித்தான் வரும், அது கேட்கும் இடத்தைத் தாண்டி விமானம் முன்னே போயிருக்கும். பொழிச்சலூரில் கோலி விளையாடும் பையன்களுக்குக்கூட இது தெரியும். கேப்டன் வெறும் வானத்தைப் பார்த்து, சக்கரத்தை இறக்கிவிட்டான் என்றார்.

நான் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

13-7-1987

காலையிலிருந்து அதே நினைப்பு. வீட்டில் காமுவிடம்கூடச் சொல்லவில்லை. யேசுதாசன் கவனித்தானா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. கேட்டால் உண்மையாகிவிடும்.

9-8-1987, ஞாயிறு

கேட்டேவிட்டேன். யேசுதாசன் கீழே ஆம்லெட்டுக்குப் போயிருந்தான். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். கேப்டன் தெரியாததுபோல் பார்த்தார். பிறகு, உனக்கு எப்படித் தெரியும் என்றார்.

"நீங்க சத்தத்தைப் பாத்தீங்க சார். விமானம் முன்னாடி போயிடுச்சு."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டதாம். நடுவில் புகை மாதிரி ஒரு திட்டு, ஓரத்தில்தான் வெளிச்சம். ஸ்கூட்டரை மார்ச்சிலேயே விற்றுவிட்டார். முதுகுவலி என்று எங்களிடம் புளுகியிருக்கிறார். மாமிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், மூன்றாவதாக எனக்கு. யேசுதாசனிடம் சொல்லாதே, அவன் ஜெபக்கூட்டம் வைத்துவிடுவான் என்றார்.

படியில் இறங்கும்போது அவர் என் தோளில் கை வைத்தார். சாதாரணமாக வைப்பதுபோல்தான் வைத்தார். இத்தனை நாள் எதற்கென்று யோசிக்காமல் இருந்திருக்கிறேன், முட்டாள்.

10-8-1987

யேசுதாசனுக்கு ஏற்கெனவே தெரியும். மார்ச்சிலிருந்தே ஜெபம் நடக்கிறதாம்.

3-12-1987, வியாழன்

போர் ஆரம்பித்த நாள். ஒவ்வொரு வருஷமும் இன்று எதையாவது எழுதுவேன். காமு கேலி செய்வாள், கல்யாண நாள் மறக்கும், இது மறக்காது என்று.

பஞ்சாபில் கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பொட்டல். மரத்தடியில் வலை போட்டு மூடிய இரண்டு கிருஷக் விமானங்கள். ஓலைக் கொட்டகைபோல லேசானவை, பலமாகக் காற்றடித்தால் கயிறு கட்டிப் பிடிக்க வேண்டும். அதில் ஏறிப் போய் எதிரி பீரங்கி எங்கே இருக்கிறது என்று பார்த்து எனக்குச் சொல்வார்கள். நான் எங்கள் பீரங்கிக்காரர்களுக்குச் சொல்வேன். குண்டு விழும். வலது பக்கம் தள்ளு, கொஞ்சம் முன்னால் போடு என்று மேலிருந்து திருத்துவார்கள். அதையும் சொல்வேன். இதுதான் என் போர். ஒரு துப்பாக்கியைக்கூட நான் சுடவில்லை.

மேலே போனதும் கேப்டன் முதலில், ரிசப்ஷன் எப்படி, குரல் தெளிவாக விழுகிறதா என்று கேட்பார். விதிப்படி இங்கிலீஷில்தான் பேச வேண்டும். அவசரம் வந்தால் கேப்டன் தமிழுக்குத் தாவிவிடுவார். டாங்கி என்றால் எருமை. கரும்புக் காட்டோரம் எருமை மேய்கிறது என்பார். எங்கள் மேஜருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. எதிரிக்கும் புரிந்திருக்காது.

குப்புராஜை நினைத்துக்கொண்டேன். இதே இரும்புலியூர்க்காரன், எங்கள் பெட்ரோல் லாரி டிரைவர். விளக்குப் போடாமல், கதவைத் திறந்துவைத்துத் தலையை வெளியே நீட்டி ஓட்டுவான். வண்டி நிறைய பெட்ரோல், வாயில் பீடி. பற்றவைக்கமாட்டான், சும்மா கடித்துக்கொண்டிருப்பான். எண்பத்து மூன்றில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். போரில் சாகாதவன் அதில் செத்தான்.

லெப்டினன்ட் பிஷ்ட், இரண்டாவது கிருஷக்கின் பைலட். மீசை சரியாக முளைக்காத பையன், குமாவுன் மலைக்காரன். அவன் திரும்பவில்லை. நான் வயர்லெஸ் செட்டில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கேப்டன் வந்து என் காதிலிருந்து ஹெட்ஃபோனைத் தன் கையாலேயே கழற்றினார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். என்னவோ வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஃப்ளைட்டில் நான் மட்டும்தான் ஒருதடவைகூட மேலே போகாதவன். என்ஜினைத் தொட்ட ஃபிட்டர் அதன் சோதனை ஓட்டத்தில் கூடவே ஏற வேண்டும் என்பது வழக்கம். போல்ட்டை ஒழுங்காக முடுக்குவான் அல்லவா? அதனால் யேசுதாசன் எத்தனையோ தடவை போய் எத்தனையோ தடவை வாந்தி எடுத்தான். குப்புராஜ்கூட ஒருமுறை தொற்றிக்கொண்டான். ஆனால் விமானம் மேலே இருந்தால் ஆபரேட்டர் கீழே செட்டில் இருந்தாக வேண்டும். அப்புறம் நான் எப்போது போவது? ஆறு, மலை, ரயில்பாதை என்று கேப்டன் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் காதால் பார்த்தவன் நான். ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். ஏர்பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போவதெல்லாம் கணக்கில் வராது. அது ஆகாயத்தில் ஓடும் பஸ். சின்ன விமானத்தில், பைலட் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்த்ததுபோல் பார்க்க வேண்டும்.

இந்த வயதில் இந்த ஆசை. காமு படித்தால் சிரிப்பாள்.

14-2-1988, ஞாயிறு

இன்று மாடியில் நான்காவது ஆள். பட்டாபிராமன். கேப்டனிடம் பின்னாளில் பறக்கக் கற்றுக்கொண்டவர், இப்போது மீனம்பாக்கத்தில் ஒரு சின்ன விமான க்ளப்பில் பையன்களுக்குச் சொல்லித்தருகிறார். தன் ஃபியட்டில் கேப்டனை அழைத்து வந்தார். பேச்சு வாக்கில், சார் ஒரு நாள் க்ளப்புக்கு வாங்க, புஷ்பக்கில் ஒரு ரவுண்டு போய்வரலாம் என்றார். இரண்டு பேர் உட்காரும் விமானம். பைலட்டும் இன்னொருவரும்.

எனக்குப் பொறாமையா? பொறாமைதான், வேறென்ன.

கேப்டன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"நான் எதுக்கு? மேல போனாலும் எனக்கு என்ஜின் சத்தம்தான். அது இங்கேயே ஓசில கேக்கறது. சாம்புவை அழைச்சுண்டு போ. அவன் பாக்கட்டும். உங்க க்ளப்ல வயர்லெஸ் செட் இருக்கோல்லியோ, நான் கீழ அதுல உக்காந்துக்கறேன்."

நான் மாட்டேன் என்றேன். கோபமாகவே சொன்னேன். உங்களுக்கு வைத்த இலையில் நான் உட்காருவதா? யேசுதாசன் குறுக்கே விழுந்தான். "இன்னா மச்சான், வேணான்னு சொல்லிகினு கீற, உன் மூஞ்சி வேற சொல்லுதே."

கேப்டன் என்னைப் பார்க்க முயன்றார். என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தார். இன்னும் கொஞ்ச நாளில் வெளிச்சமும் போய்விடும், அதற்கு முன்னால் ஒருமுறை மேலிருந்து யாராவது ஒழுங்காகச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றார். பட்டாபிராமன் சொல்லமாட்டாரா என்றேன். அவனுக்கு ஓட்டத் தெரியும், சொல்லத் தெரியாது என்றார். பட்டாபிராமன் ஆட்சேபிக்கவில்லை.

ஒரு நிபந்தனை வைத்தார். "அழகா இருக்குன்னு மட்டும் சொன்னே, செட்டை அணைச்சுட்டு ஆத்துக்குப் போயிடுவேன்."

16-2-1988

காமுவிடம் சொன்னேன். வயசானால் காசிக்குப் போவார்கள், நீங்கள் என்னடாவென்றால் ஆகாயத்துக்குப் போகிறீர்கள் என்றாள். பிரஷர் மாத்திரையை எண்ணிப் பார்த்தாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தாள். அப்பளம் என்றால் சம்மதம்.

6-3-1988, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு. அந்தப் படுபாவி யேசுதாசனால்.

ஃப்ளைட்டில் அவனுக்கு ஒரு பழக்கம். தினமும் காலையில் விமானத்தின் டேங்கிலிருந்து ஒரு கிளாஸ் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்துப்போல நிற்கும். தண்ணீர் போனால் என்ஜின் நின்றுவிடும். இதைச் செய்யாமல் அவன் டீகூடக் குடித்ததில்லை. நல்ல பழக்கம்தான். யார் வேண்டாம் என்றது?

க்ளப்புக்கு மூன்று பேரும் போனோம். பட்டாபிராமன் உள்ளே கையெழுத்துப் போடப் போயிருந்தார். வெளியே வெயிலில் புஷ்பக் நின்றது. யேசுதாசன் அதைப் பார்த்தான். அவன் கை பரபரத்ததை நானே பார்த்தேன். தடுக்கவில்லை, எனக்கும் அது இயல்பாகத்தான் பட்டது. கேன்டீனில் ஒரு கண்ணாடி கிளாஸ் வாங்கினான். இறக்கைக்கு அடியில் குனிந்து பிடித்தான். தூக்கிப் பார்த்தான். இளஞ்சிவப்பாக, நன்னாரி சர்பத்துக்குத் தண்ணீர் கூடிப்போனதுபோல இருந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு கிளாஸை வராந்தா மேஜையில் வைத்தான்.

அந்த மேஜையில் க்ளப் செக்ரட்டரி யாரிடமோ டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். பேசியபடியே கையை நீட்டி எடுத்தார்.

விழுங்கவில்லை. துப்பிவிட்டார். வெள்ளைச் சட்டை முழுக்க. அவர் போட்ட கூச்சலில் காக்காய்கள் பறந்தன. அப்போதாவது இவன் சும்மா இருந்தானா? ஓடிப்போய் அவர் முதுகைத் தடவிக்கொண்டே ஆறுதல் சொன்னான்.

"ஒண்ணியும் ஆவாது சார். பெட்ரோலு சுத்தமா கீது. சொட்டுத் தண்ணி இல்ல."

மூன்று பேரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். இனி இந்தப் பக்கம் வரக்கூடாது. பட்டாபிராமன் சம்பளத்துக்கு இருப்பவர், அவர் என்ன செய்வார்? கேப்டன் ரோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பல்லாவரம் வரைக்கும் சிரித்தார். நான் இருவரிடமும் பேசவில்லை.

7-3-1988

இன்றும் பேசவில்லை.

10-4-1988, ஞாயிறு

பொழிச்சலூர் போனேன். போகாமல் இருக்க முடியுமா. யேசுதாசன் தன் பங்கு ஆம்லெட்டை என் தட்டில் வைத்தான். மன்னிப்புக் கேட்பது அவனுக்குப் பழக்கமில்லை, இதுதான் அவன் முறை. காரம் கொஞ்சம் கூடுதல். சாப்பிட்டேன்.

22-6-1988

கேப்டனுக்குக் கண்ணில் லேசர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் மாமியோடு நானும் யேசுதாசனும் இருந்தோம். பலன் இல்லை. இருக்கிற வெளிச்சத்தைத் தக்கவைக்கலாம், எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாமி அழவில்லை. காபி டபராவைத் துடைத்துத் துடைத்துப் பையில் வைத்தாள்.

ஆட்டோவில் வரும்போது கேப்டன் வழியெல்லாம், இப்போது எங்கே, இப்போது எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தார். குரோம்பேட்டை கேட், சானடோரியம், தாம்பரம் மார்க்கெட் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வெறும் பெயரைச் சொல்லாதே, என்ன தெரிகிறது சொல் என்றார். சானடோரியம் சுவரில் ஒருவன் போஸ்டரைக் கிழிக்கிறான், கீழே ஆடு நின்று பசையை நக்குகிறது என்றேன். பலே என்றார்.

வீட்டுக்கு வந்து பாத்ரூமில் நின்று அழுதேன். என் கஷ்டம் ஒரு கஷ்டமா? மேலே போகாவிட்டால் என்ன, செத்தா போவேன்? ஆனா அவருக்கு ஒரே ஒரு தடவை... அதக்கூட குடுக்க முடியலியே. ஒரு கிளாஸ் பெட்ரோலால போச்சே.

11-9-1988, ஞாயிறு

பட்டாபிராமன் வந்தார். செக்ரட்டரி இன்னும் இறங்கி வரவில்லையாம். எங்கள் பெயரை எடுத்தாலே வாயைக் கொப்பளிக்கப் போகிறாராம்.

26-12-1988, திங்கள்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஹில்டா செய்த காரியத்தை எழுதியே ஆக வேண்டும்.

நேற்று சர்ச் முடிந்ததும் எங்கள் யாரிடமும் சொல்லாமல் ஒரு ப்ளம் கேக்கும் ஒரு டப்பா கல்கல் இனிப்பும் எடுத்துக்கொண்டு செக்ரட்டரி வீட்டுக்கே போயிருக்கிறாள். அவர் சம்சாரம் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்களாம். ஹில்டா கேப்டன் கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். என் ஆசையையும் சொல்லியிருக்கிறாள். யேசுதாசன் சும்மா இருப்பானா, அவளிடம் சொல்லிவைத்திருக்கிறான். செக்ரட்டரி முதலில் விறைப்பாகத்தான் இருந்தாராம். கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே, அந்த மனிதர் இன்னும் கிளாஸில்தான் பெட்ரோல் பார்க்கிறாரா என்று கேட்டாராம்.

"அத்த வுட்டா அந்தாளுக்கு வேற இன்னா தெரியும் சார்?" என்றாளாம் ஹில்டா.

அவர் சிரித்துவிட்டார். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு கொடுத்திருக்கிறார். யேசுதாசன் மட்டும் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அது நியாயம்தான்.

4-2-1989

நாளை. காமு ஸ்வெட்டரை எடுத்துவைத்திருக்கிறாள். மெட்ராஸில் ஸ்வெட்டரா என்றேன். மேலே குளிரும், எனக்குத் தெரியும் என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் பதினெட்டு வருஷமாகக் கேப்டன் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

5-2-1989, ஞாயிறு

போய்வந்துவிட்டேன்.

ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை எட்டு மணிக்கு க்ளப். மாமியும் வந்தாள். மாணவர்களிடம் பேசுவதற்காக ஓர் அறையில் வயர்லெஸ் செட் வைத்திருக்கிறார்கள். கேப்டனை அதன் முன்னால் உட்காரவைத்தோம். நான் சொல்லித்தருவதற்குள் அவர் விரல் மைக்கின் பட்டனைக் கண்டுபிடித்துவிட்டது. செக்ரட்டரி வந்து கை குலுக்கினார். தன் டீயை வேறொரு மேஜையில் வைத்திருந்தார். யேசுதாசன் வேலிக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் நின்றுகொண்டு கையாட்டினான்.

பட்டாபிராமன் பக்கத்தில் என்னைக் கட்டி உட்காரவைத்தார். என்ஜின் உறுமியது. தரை குலுங்கியது, குலுங்கியது, பிறகு குலுக்கல் நின்றது. அவ்வளவுதான். மேலே போவது என்றால் குலுக்கல் நிற்பது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேப்டன்கூடச் சொல்லவில்லை.

ஹெட்ஃபோனில் அவர் குரல் வந்தது.

"சாம்பு, என்ன தெரியறது? ஓவர்."

போர் முழுக்க நான் கேட்ட கேள்வி. கீழே பொழிச்சலூர் சாய்ந்துகொண்டு கிடக்கிறது, சூரியன் இறக்கையில் பளபளக்கிறது, நான் என்னத்தைச் சொல்வேன்? "அழகா இருக்கு சார்" என்றுவிட்டேன்.

ஹெட்ஃபோனில் இரைச்சல் மட்டும். அணைத்தே விட்டாரோ என்று பயந்துபோனேன். பட்டாபிராமன் ஓட்டிக்கொண்டே சிரித்தார்.

பிறகு கேப்டன், மிகவும் பொறுமையாக: "இடதுலேர்ந்து ஆரம்பி. கிட்டத்துலேர்ந்து தூரத்துக்குப் போ. நான் உனக்கு அப்படித்தானே சொன்னேன்?"

ஆரம்பித்தேன். இடது பக்கம் கிட்டத்தில் பம்மல், தோல் காயவைத்திருக்கிறார்கள், பழுப்பும் வெள்ளையுமாக வரிசை. யேசுதாசன் வீட்டு மாடி, கொடியில் ஹில்டாவின் பச்சைப் புடவை, நம் மூன்று நாற்காலி. அடுத்து பல்லாவரத்துக் கல்குவாரிப் பள்ளங்கள், தண்ணீர் கரும்பச்சை, ஒன்றில் பையன்கள் குளிக்கிறார்கள். தூரத்தில் ரயில்பாதை, எலெக்ட்ரிக் வண்டி ஒன்று தாம்பரம் பக்கமாகப் போகிறது, சத்தமே இல்லை. அதற்கும் அப்பால் ஏர்ஃபோர்ஸ் ஓடுதளம், அந்தப் பக்கம் நாம் போக முடியாது, அதன் ஓரத்தில் மாடம்பாக்கம் ஏரி ஒரு கீற்று. நேர் கீழே அடையாறு. அதை ஆறு என்று சொல்ல மனசு வரவில்லை, மணலில் யாரோ குடத்தை இழுத்துக்கொண்டு போன ஈரம்போல இருக்கிறது.

"கரையில?"

"வலது கரைல செங்கல் சூளை சார். மூணு. ஒண்ணுல புகை. நேரா மேல போகுது, காத்து இல்ல."

"பலே. போ."

பேசப் பேச நாக்கு வசப்பட்டது. அனகாபுத்தூர், குன்றத்தூர் மலை, அதன் உச்சியில் கோயில், படியில் ஏறும் கூட்டம் எறும்புச் சாரை மாதிரி. அப்புறம் செம்பரம்பாக்கம் ஏரி. இவ்வளவு தண்ணீரா? ஊருக்குப் பக்கத்தில் இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டா குழாயடியில் சண்டை போடுகிறோம்? அதையும் சொன்னேன். கேப்டன் அதை விடு என்றார்.

ஏரிமேல் போகும்போது தண்ணீரில் எங்கள் விமானத்தின் நிழல் தெரிந்தது. சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"

"முன்னாடி சார். வெயில் நமக்குப் பின்னாடி. நிழல் முன்னாடி ஓடுது, நாம அதைத் துரத்திகிட்டுப் போறோம். கரை வந்ததும் மேட்டுல ஏறிக் குதிச்சுது. இப்ப வயல்ல ஓடுது."

"ரோஜர்" என்றார். குரல் கம்மியிருந்தது. வயர்லெஸ்ஸிலேயே வாழ்ந்தவன் நான், எனக்கா தெரியாது?

இறங்கி ஓடினேன் என்று எழுதலாம். உண்மையில் பட்டாபிராமன் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். கேப்டன் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார். ரிப்போர்ட் பரவாயில்லை, செங்கல் சூளையின் திசையைச் சொல்ல மறந்துவிட்டாய் என்றார். மாமி எனக்கு ஃப்ளாஸ்கிலிருந்து காபி ஊற்றி இரண்டு கையாலும் கொடுத்தாள்.

ஸ்வெட்டர் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

சந்தோஷம். வேறு என்ன எழுத? நான் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறேன். பார்த்ததைவிட, பார்த்ததை அவரிடம் சொன்னதுதான் காதிலேயே நிற்கிறது.

6-2-1989

இரும்புலியூர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பால்காரர், இஸ்திரிக்காரர், ரேஷன் கடை வரிசை. காமுவே அலுத்துப்போய், போதும், நாளைக்கு மிச்சம் வையுங்கள் என்றாள்.

9-4-1989, ஞாயிறு

மாமிக்கு ஆம்லெட் விஷயம் தெரிந்துவிட்டது. ரொம்ப நாளாகவே தெரியுமாம். திரும்பி வருபவரின் மீசையில் வெங்காய வாசனை வருகிறதாம். இனிமேல் மிளகு தூக்கலாகப் போடச் சொல்லுங்கள், அவருக்குச் சளி என்று ஹில்டாவுக்குச் சேதி அனுப்பியிருக்கிறாள்.

15-10-1989

கேப்டனுக்கு இப்போது பகல், இரவு மட்டும்தான் தெரிகிறது. அலட்டிக்கொள்ளவில்லை. ரேடியோவில் கிரிக்கெட் கேட்கிறார், கமென்டேட்டர்களைத் திட்டுகிறார். பந்து எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்லாமல் அற்புதம், அற்புதம் என்கிறானே, இவனை யார் செட்டில் உட்காரவைத்தது என்கிறார்.

16-1-1990, செவ்வாய், காணும் பொங்கல்

காமுவோடு மாடம்பாக்கம் போனேன். கரும்பும் வாழைப்பழமும் கொண்டுபோனோம். திருச்சியிலிருந்து மாமியின் தம்பியும் அவர் சம்சாரமும் வந்திருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பறப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த அம்மாள் பாவம், நல்லெண்ணத்தில்தான் கேட்டார், அத்திம்பேர் கடைசியாக விமானத்தில் ஏறி எத்தனை வருஷம் இருக்கும் என்று.

கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன், போன பிப்ரவரிலகூட ஏறினேனே" என்றார்.

சொல்ல ஆரம்பித்தார். பம்மலில் காயும் தோல், பச்சைப் புடவை, குவாரித் தண்ணீரில் பையன்கள், காற்றில்லாமல் நேராக எழுந்த புகை. இடமிருந்து வலம், கிட்டத்திலிருந்து தூரம், ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கு வந்தார். நிழலைத் துரத்தினார். கரையில் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டு, நெற்றிக்குக் கை வைத்து அண்ணாந்து பார்த்தான் என்றார். அதை நான் சொல்லவில்லை. அப்படி ஒருவன் இருந்தானா? இருந்திருப்பான்.

அவ்வளவு நன்றாகச் சொன்னார். காமு என் முழங்கையை இடித்தாள். மாமி சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கூடப் போயிருந்தேளா?"

என் ஆயுசுக்கு ஒருமுறை கிடைத்தது அது. ரேஷன் கடை வரைக்கும் சொல்லித் தீர்த்தது. உண்மை வாய் வரைக்கும் வந்தது, இங்கே பொய் எழுதுவானேன்.

"இல்லீங்க. பைலட் மேல போனா ஆபரேட்டர் கீழ இருக்கணும். நான் கீழ செட்டுல இருந்தேன்."

மாமி காபியைக் கொடுத்துவிட்டு, தம்பியையும் அவர் சம்சாரத்தையும் காமுவையும் கோயிலுக்குக் கிளப்பிக்கொண்டு போனாள். நாங்கள் இருவர் மட்டும். கேப்டன் காபியை ஆற்றி மெதுவாகக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். நான் இருக்கும் திசையைச் சரியாகப் பிடித்துத் திரும்பினார்.

"ரிசப்ஷன் எப்படி இருந்தது, சாம்பு?"

"ரொம்பத் தெளிவா இருந்துச்சு சார்."